இரண்டு காலும் ஒரு தோளும்

துப்பாக்கிக்குக் கால் வாங்குவது எப்படி? குடும்பப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா இது என்று சகோதரிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். வெண்கலப் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து வாங்குகிறோம். இந்தச் சாமானையும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பட்டாளத்து மனிதர் யாரும் அல்ல. நாகர்கோவில் வடசேரியில் இருக்கும் என் சித்திதான்!

சித்தப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லைசன்ஸ் பெற்ற .315 ரைபிள் ஒன்று அவரிடம் உண்டு. மாதம் ஒரு முறை வெளியூரில் உள்ள ரைபிள் சங்கத்துக்குப் போய், 300 மீட்டர் தூரத்தில் நிற்கும் காகித இலக்கைச் சுட்டுவிட்டு வருவார். பரிசுக்காக அல்ல, ஆசைக்காக. சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சங்கீதம், சித்தப்பாவுக்கு இது.

சென்ற முறை நான் ஊருக்குப் போனபோது, துப்பாக்கிப் பெட்டி ஆறு மாதமாகத் திறக்கப்படவில்லை என்று தெரிந்தது. காரணத்தைச் சித்திதான் அடுக்களையில் வைத்து ரகசியமாகச் சொன்னாள்.

"இடது கை லேசா நடுங்குது. டாக்டர், வயசுதான் காரணம், பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டார். காப்பி டம்ளர் பிடிச்சா தெரியாது. அந்தக் கனத்தைத் தாங்கினா தெரியுது. கடைசியா போனப்ப ரெண்டு குண்டு காகிதத்திலேயே படலை. அன்னையிலேருந்து யார் கூடவும் சரியாப் பேசுறதில்லை."

சங்கத்து நண்பர் ஒருவர், "பைபாட் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு கை நடுங்கினால் என்ன?" என்று சொல்லியிருக்கிறார். பைபாட் என்பது துப்பாக்கியின் முன்பக்கத்தில் மாட்டும் இரண்டு கால். வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது மடக்கலாம்.

சித்தப்பா கோபித்துக்கொண்டார். "எனக்கா ஊன்றுகோல்?" என்பது அவருடைய ஒரே பதில்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்கு இது காதில் விழுந்தது. ஆச்சிக்கு வயது எண்பத்தாறு. திருவிதாங்கூர் காலத்தில் பிறந்தவள். துப்பாக்கியை இன்றும் 'தோக்கு' என்றுதான் சொல்லுவாள்.

"ஏலே, நானும் இப்படித்தான் கம்பு வேண்டாம்னு சொன்னேன். கெணத்தடியில விழுந்தது நெனவிருக்கா? தோக்குக்குக் கம்பு வச்சா உனக்கு என்ன கொறைச்சல்?"

சித்தப்பா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். சித்தி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்த நண்பருக்குத் தானே டெலிபோன் செய்து, "மூன்று தினுசு இரவலாகக் கொடுத்தனுப்புங்கள், பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டாள்!

* * *

பைபாட் வந்து சேருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இறுக்கமாக இருந்தது. சித்தியின் பெண், என் தங்கை, கல்லூரியில் படிக்கிறாள், என்.சி.சி.யில் .22 ரைபிள் சுடுகிறாள். "வா அக்கா, உதயகிரிக் கோட்டைக்குப் போய் வரலாம். அங்கேயும் துப்பாக்கிக் கதைதான்!" என்று என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில், சாலையோரமாகவே இருக்கிறது கோட்டை. ஒரு குன்றைச் சுற்றி வளைத்துக் கட்டிய கருங்கல் மதில். உள்ளே மர நிழல். கூரையில்லாத பழைய மாதா கோவிலில் டிலனாய் என்பவருடைய கல்லறை. அதன் மேல் தமிழிலும் லத்தீனிலும் எழுத்து.

யுஸ்தாசியஸ் டிலனாய் டச்சுக் கம்பெனியின் போர்வீரர். 1741-ல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் படையிடம் பிடிபட்டார். பிடித்த கைதியையே தம் படைக்கு ஆசானாக்கினார் மகாராஜா. 1777-ல் இறக்கும் வரை டிலனாய் திருவிதாங்கூரை விட்டுப் போகவில்லை. 'வலிய கப்பித்தான்' என்று மரியாதையாகப் பெயர் சொன்னார்கள். இந்தக் கோட்டைக்குள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் இருந்தது.

அந்த உலையைப் பற்றிப் பழைய திருவிதாங்கூர் வரலாற்று ஏடுகள் ஒரு செய்தி சொல்கின்றன. பதினாறு அடி நீளத்தில் பித்தளைப் பீரங்கி ஒன்று இங்கே வார்த்தார்களாம். 22 ராத்தல் குண்டு போகக்கூடிய குழல். வார்த்து முடித்த பிறகு நகர்த்தப் பார்த்தார்கள். பல நூறு ஆட்கள். அவர்களோடு பதினாறு யானைகள். சில கஜ தூரம்கூட நகரவில்லையாம்!

"பார்த்தியா அக்கா? எவ்வளவு பெரிய துப்பாக்கியாக இருந்தாலும், தாங்க ஒன்று இல்லாவிட்டால் வெறும் பித்தளைக் கட்டிதான். இதைப் போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும்" என்றாள் தங்கை.

தாங்குகோல் வைப்பது கோழைத்தனம் என்று பழங்காலத்து வீரர்கள் யாரும் நினைத்ததில்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சிப்பாய்கள் கனத்த மஸ்கட் துப்பாக்கியோடு, கவை போன்ற நுனியுள்ள கோலையும் சுமந்து போனார்கள். கோலை மண்ணில் ஊன்றி, கவையில் துப்பாக்கியை வைத்துச் சுடுவார்கள். திபெத்து வேட்டைக்காரர்கள் தங்கள் திரித் துப்பாக்கியிலேயே இரண்டு கால்களைப் பொருத்தி, கால் நுனியில் மான் கொம்பைச் செருகினார்கள். இன்று கடையில் விற்கும் பைபாட் அந்தக் கொம்புக் காலின் பேரப்பிள்ளைதான்.

* * *

வீட்டுக்கு வந்ததும் தங்கை தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து, முன்கூடத்துத் தரையில் விரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

ரைபிள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பின்கட்டை தோளில் அசையாமல் இருக்கிறது. குழலின் நுனி மட்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர், ஓர் ஊசியின் பருமன், நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் தூரத்தில் குண்டு எவ்வளவு விலகும்? 300 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடி! 900 மீட்டர் என்றால் மூன்று அடி. கையிலே ஊசி, அங்கே முழம். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தும் இந்த ஊசியளவு ஆட்டத்தை அடக்காவிட்டால் பயனில்லை.

"அப்படியானால் நீ சுடும்போது எதை வைத்துத் தாங்குகிறாய்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எங்களுக்குப் பைபாட் கிடையாது அக்கா. சர்வதேசப் போட்டியில் குப்புறப் படுத்துச் சுடுகிறவர்களுக்கும் கிடையாது. தோள் வார் ஒன்று உண்டு. அதைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். முழங்கை தரையில் ஊன்றலாம்; முன்கை தரையோடு குறைந்தது 30 டிகிரி எழும்பியிருக்க வேண்டும். தசையால் தாங்கினால் சோர்ந்துவிடும். எலும்பால் தாங்க வேண்டும்."

அப்படிச் சுட்டுத்தான், சென்னையில் வளர்ந்த ரூபா உன்னிகிருஷ்ணன் 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் பெண்களுக்கான 50 மீட்டர் ரைபிள் போட்டியில் தங்கம் வாங்கினார். அந்த 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு!

ஆனால் வேறு வகைப் போட்டியும் உண்டு. 'எஃப் கிளாஸ்' என்று பெயர். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்பவர் பெயரின் முதலெழுத்து அது. வயதாகி, வாரைச் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்துச் சுட முடியாதவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று பிறந்த யோசனை. இன்று இளைஞர்களும் அதில் போட்டி போடுகிறார்கள். அதில் ஒரு பிரிவில் பைபாட் வைத்துச் சுடலாம். துப்பாக்கி, தொலைநோக்கி, பைபாட் மூன்றும் சேர்ந்து 8.25 கிலோவுக்கு மேற்படக் கூடாது. மாற்றுத் திறனாளிகளின் பாராலிம்பிக் போட்டியிலும், கையால் கனத்தைத் தாங்க இயலாதவர்கள் சுருள்வில் வைத்த தாங்கியின் மேல் ரைபிளை வைத்துச் சுடுகிறார்கள். அவர்கள் வாங்கும் பதக்கத்தில் தங்கம் குறைவா என்ன?

தங்கை இதையெல்லாம் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். மாடிப்படியில் சித்தப்பாவின் நிழல் தெரிந்தது.

* * *

மூன்று பைபாட்களும் செவ்வாய்க்கிழமை வந்தன. சித்தப்பா பேசாமல் பெட்டியைத் திறந்தார். ரைபிளை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று தாம் பார்த்து, தங்கையையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் பார்த்த பிறகே மற்றவர் பக்கத்தில் போகலாம். அது அந்த வீட்டு விதி.

முதல் பைபாட் விலை மிகக் குறைவு. பளபளவென்று இருந்தது. சித்தி அதன் காலை விரித்து, ஒரு கையால் மேல்பாகத்தையும் மறு கையால் காலையும் பிடித்து லேசாக ஆட்டினாள். 'கட கட' என்றது.

"கீல் தேய்ஞ்ச கதவு மாதிரி இருக்கே! இந்த ஆட்டம் இங்கே இவ்வளவுன்னா, அங்கே எவ்வளவு?" என்றாள். கையிலே ஊசி, அங்கே முழம். அது உடனே உறைக்குள் போயிற்று.

இரண்டாவது, மூன்றிலும் விலை அதிகம். நீண்ட கால்கள், நன்றாக உயரும். சித்தப்பா குப்புறப் படுத்துப் பார்த்தார். நெஞ்சைத் தூக்க வேண்டியிருந்தது, கழுத்து வலித்தது. உட்கார்ந்து சுடுகிறவர்களுக்கும், உயரமான புல்லுக்கு மேலே பார்க்க வேண்டியவர்களுக்கும் அது உதவும். படுத்துச் சுடுகிறவர்களுக்கு ஆகாது. கால் உயர உயர ஆட்டம் அதிகம். கோலம் போடுகிறவள் ஏணி மேல் நின்று போடுவாளா?

மூன்றாவது நடுத்தர விலை. கால் 6 முதல் 9 அங்குலம். ஒவ்வொரு காலையும் தனித்தனியே இழுத்து, வெட்டுப் பள்ளத்தில் நிறுத்தலாம். சித்தி ஒரு காலின் கீழே பஞ்சாங்கத்தைச் செருகினாள்! துப்பாக்கி ஒரு பக்கம் சாய்ந்தது. தங்கை மேலே ஒரு திருகைத் தளர்த்தி, துப்பாக்கியை மட்டும் நிமிர்த்தி, மறுபடி இறுக்கினாள். கொத்தனார் விட்டுப் போன ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவில் நின்றது.

இது எதற்கு என்றால், தூரத்துக்குச் சுடும்போது குண்டு போகப் போகக் கீழே இறங்கும். அதற்கு ஈடாகக் குழலைச் சற்று மேலே தூக்கியே குறி அமைந்திருக்கும். துப்பாக்கி வலப் பக்கம் சாய்ந்தால், மேலே தூக்கிய தூக்கலும் வலப் பக்கம் சாயும். குண்டு வலப் பக்கமாகவும் கீழாகவும் போய் விழும். மேடு பள்ளமான தரையில் துப்பாக்கியை நிமிர்த்தும் வசதி இருக்கிறதா, நிமிர்த்திய பிறகு இறுக்கிப் பூட்ட முடிகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

"எங்கே மாட்டுறது? இந்தக் குழாயிலேயா?" என்று சித்தி கேட்டாள்.

"ஐயையோ, குழலைத் தொடக் கூடாது!" என்றார் சித்தப்பா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது! "வெடிக்கிறப்ப குழல் வீணைத் தந்தி மாதிரி அதிரும். அதில ஒரு பாரம் ஏத்தினா அதிர்ச்சி மாறும், குண்டு போற இடமும் மாறும். முன்கட்டையில, வார் மாட்டுற இடத்திலதான் மாட்டணும்." பிறகு அவரே குனிந்து, அந்த இடத்தில் அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

கடைசியாகப் பாதம். ரப்பர் பாதம் சிமெண்டுத் தரையிலும் பலகையிலும் வழுக்காது. கூர்முனைப் பாதம் மண்ணில் இறங்கிப் பிடிக்கும். இந்தப் பைபாட்டில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஆச்சி தன் கைத்தடியின் ரப்பரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அது தேய்ந்து மரம் தெரிந்தது.

* * *

இரண்டு காலில் ஒரு சாமான் நிற்குமா? நிற்காது. நம் பாட்டிமார் அடுப்புக்கு மூன்று கல் வைத்தார்கள். மூன்று கல் எந்தத் தரையிலும் ஆடாது; நான்கு கால் நாற்காலிதான் ஆடும். பைபாட்டுக்கும் மூன்றாவது கல் வேண்டும். அது சுடுகிறவரின் தோள். தோளோடு, பின்கட்டையின் அடியில் வைக்கும் ஒரு சிறு மணல் பை. பையைக் கைக்குள் பிடித்து அழுத்தினால் பின்பக்கம் ஒரு நூல் உயரும், விட்டால் இறங்கும். குறியை மேலும் கீழும் நகர்த்த அதுவே போதும்.

பையைச் சித்தியே தைத்தாள். பழைய ஜீன்ஸ் துணி, இரட்டைத் தையல். எதை நிரப்புவது என்று ஒரு சர்ச்சை. உளுந்து என்றாள் ஆச்சி. வண்டு விழும் என்றாள் சித்தி. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல் நல்ல கனமாயிற்றே என்றேன் நான். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மணலில் இல்மனைட்டோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டுக்குள் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அரசாங்க நிறுவனம் பிரித்தெடுக்கும் பொருள். பை தைக்க அள்ளி வருகிற சரக்கல்ல! கடைசியில், வீட்டு வேலைக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து நிரப்பினோம்.

அந்த வாரக் கடைசியில் எல்லோரும் சுடுதளத்துக்குப் போனோம். காதடைப்பான் மாட்டிக்கொண்டு நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். முதல் குண்டில் பைபாட் சிமெண்டு மேடையில் தவளை போலத் துள்ளியது. குண்டு எங்கோ ஓரமாகப் பட்டது. சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது.

நண்பர் ஒரு கனத்த பாயைக் கொண்டு வந்து விரித்தார். "துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருந்தால் போதாது. தோளால் லேசாக முன்னே சாய்ந்து, கால்களில் இருக்கும் தளர்வை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் அதே அளவு சாய வேண்டும்; கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

சித்தப்பா மறுபடி படுத்தார். இடது கை இப்போது துப்பாக்கியைத் தாங்கவில்லை. பின்னால் மணல் பையைப் பிடித்திருந்தது. அது நடுங்கியதா என்று கூர்ந்து பார்த்தேன். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் ஈர மணலில் கை புதைந்தது போல, அந்த நடுக்கம் பைக்குள்ளேயே அடங்கிவிட்டது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினார். ஐந்து குண்டு.

காகிதத்தைக் கொண்டு வந்து காட்டினார்கள். ஐந்தும் ஒரு தோசையளவு இடத்துக்குள் இருந்தன. பெரிய போட்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சித்தி அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விலை அதிகமானதை வாங்கியிருந்தால் கழுத்து வலி. விலை குறைந்ததை வாங்கியிருந்தால் 'கட கட'. யாருக்கு, எந்தத் தரையில், எப்படி உட்கார அல்லது படுக்க என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு ஆட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது சித்தியின் சித்தாந்தம். பைபாட்டுக்கு மட்டுமல்ல, வீட்டில் எந்தச் சாமானுக்கும் அது பொருந்துகிறது.

ஊருக்குத் திரும்பும் வழியில் சித்தப்பா காரை ஒரு கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ச் சின்னப் பொட்டலம் ஒன்றோடு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆச்சியின் கைத்தடியை வாங்கி, தேய்ந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மாட்டினார். தரையில் ஊன்றி, சித்தி செய்தது போலவே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"ஆடலை அம்மா. இனி தைரியமாக நடங்க."

ஆச்சி கம்பை வாங்கிக்கொண்டு எழுந்தாள். "உன் தோக்கு என்னாச்சு? நேரே போச்சா?"

"போச்சு அம்மா."

"போகாம என்ன! ஊணிக்க ஒண்ணு இருந்தா எல்லாம் நேரேதான் போகும்" என்று சொல்லிவிட்டு, ஆச்சி கிணற்றடிப் பக்கம் நடந்தாள்.